கணக்கில் சேராத கை

அக்கா,

இன்று காலை என் தோளில் ஒரு துண்டு விழுந்தது. மைக்கில் அதைப் பொன்னாடை என்றார்கள். புதுத் துண்டு, அது அடித்த கஞ்சி வாடையில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் உள்ள மாடெல்லாம் ஒரே நேரத்தில் தும்மியிருக்கும். சுதந்திர தினத்துக்கு நம் பள்ளிக்கூடத்தில் விழா. ஊரில் மிச்சமிருக்கிற கிழங்களில் எனக்குத்தான் பல் அதிகம் என்பதால் மேடையில் நாற்காலி கொடுத்திருந்தார்கள். துண்டைப் போர்த்தியவர் இன்றைய பஞ்சாயத்துத் தலைவர். யாரென்று தெரிகிறதா? நம்மூர்ச் சந்தைக் குத்தகைக்காரரின் மகன். உன் ஐந்தாம் வகுப்பில், இரண்டாம் வரிசையில், மூக்கொழுக உட்கார்ந்திருந்தானே, அவனேதான்.

போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தான். "மாணவச் செல்வங்களே, சமூக சேவை எங்கள் ரத்தத்தில் ஊறியது. பள்ளிக் கிணறு அசுத்தமாகக் கூடாது என்று, அந்தக் காலத்திலேயே, யாரும் கேட்காமலேயே, என் தந்தையார் சந்தை மாடுகளுக்குத் தனியாகத் தொட்டி கட்டிக் கொடுத்தார்."

யாரும் கேட்காமலேயே!

பிள்ளைகள் கை தட்டின. எனக்குக் கஞ்சி வாடை மூக்கிலிருந்து மண்டைக்கு ஏறியது. கேட்டவள் நீ. நாற்பது வாண்டுகளுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவள் நீ. கேட்ட பாவத்துக்குக் காட்டுக்கு விரட்டப்பட்டவளும் நீ. நீ மண்ணுக்குள் போய் எத்தனையோ மழை பெய்துவிட்டது. இனி உன்னிடம் சொல்வதற்கு எனக்கு இந்தக் காகிதம்தான் இருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன். "மெதுவா பேசுடா, தெருவே கேக்குது" என்று அங்கிருந்து அதட்டாதே. தெரு கேட்கட்டும்.

அறுபதுகளின் கடைசி. தருமபுரி புது ஜில்லாவாகி, ஆட்சியும் மாறியிருந்த சமயம். ஓசூரில் அப்போது கம்பெனி ஏது, சங்கு ஏது? பெங்களூர் போகிற பஸ் டீ குடிக்க நிற்கிற ஊர், அவ்வளவுதான். நீ மிஷன் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் டிரெய்னிங் முடித்து, யூனியன் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வந்திருந்தாய். பண்ணை வேலை செய்து முதுகு வளைந்த நம் குடும்பத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். நான் மாட்டுத் தரகன். தரகன் என்பது அடக்கத்துக்காகச் சொல்வது. குந்தாரப்பள்ளிச் சந்தையில் நான் கால் வைத்தால் காளைகள் எழுந்து நிற்கும்; நம்மூர்ச் சந்தையில் நான் இருமினால் விலை ஏறும். கிழட்டு எருதைக் கன்றுக்குட்டி என்று நான் சொன்னதை நம்பி, அதற்குப் பால் வாங்க ஓடிய ஆட்களை எனக்குத் தெரியும்.

நம்மூர்ச் சந்தை வெள்ளிக்கிழமை கூடும். கூடுகிற இடம் பள்ளிக்கூடத்தை ஒட்டிய புளியந்தோப்பு. அங்கே இருந்தது ஒரே ஒரு கிணறு, அது பள்ளிக்கூடத்துக் கிணறு. மூன்று பாஷை மாடுகளும் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். ஆனேக்கல்லில் இருந்து வந்த கன்னட மாடு, குப்பம் பக்கத்துத் தெலுங்கு மாடு, நம் தமிழ் மாடு, எல்லாம் கிணற்றைச் சுற்றி ஒற்றுமையாக மூத்திரம் பெய்யும். அது வழிந்து உள்ளே இறங்கும். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை போய், திங்கட்கிழமை பிள்ளைகள் அதைத்தான் குடிக்கும். செவ்வாய்க்கிழமை பாதி வகுப்பு கொல்லைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும்.

குடிமைப் பயிற்சி என்று ஒரு பாடம் இருந்தது. மற்ற டீச்சர்கள் அதைப் பிள்ளைகளின் தொண்டைக்குள் ஊற்றுவார்கள். "நல்ல குடிமகனின் கடமைகள் யாவை?" என்று கேட்டால் பிள்ளைகள் மழைத்தவளை மாதிரி ஒரே ராகத்தில் ஒப்பிக்கும். நீ புத்தகத்தை மூடிவிட்டு அவர்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாய். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அவர்கள் பார்த்தார்கள். யார் வருகிறார்கள், எங்கே கட்டுகிறார்கள், தண்ணீர் எங்கே வழிகிறது. பிறகு வகுப்பில் மூன்று கேள்வி கேட்டாய். யாருக்குக் கஷ்டம்? யாரால் மாற்ற முடியும்? அவரிடம் யார் கேட்பது?

முதல் இரண்டுக்கும் பிள்ளைகள் உடனே பதில் சொல்லிவிட்டார்கள். கஷ்டம் எங்களுக்கு. மாற்ற முடிந்தவர் குத்தகைக்காரர். சந்தையின் மறுகோடியில் ஒரு தொட்டி கட்டினால் போதும், மாடு இந்தப் பக்கமே வராது. மூன்றாவது கேள்விக்குத்தான் வகுப்பு வாயை மூடிக்கொண்டது. குத்தகைக்காரர் மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் செவ்வாய்க்கிழமைகளில் வயிறு போகிறதுதான்.

கெம்பம்மா என்ற பெண் மட்டும் எழுந்து நின்றாள். குச்சிக்குக் கவுன் போட்ட மாதிரி இருப்பாள். வீட்டில் கன்னடம், வகுப்பில் தமிழ், சண்டையில் தெலுங்கு. "நாம கேட்டா அடிப்பாருங்க டீச்சர். ஊரே கேட்டா?"

ஊரைக் கேட்கப் போனார்கள். வீடு வீடாக, சந்தையில் ஆள் ஆளாக. எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "நமக்கு எதுக்கும்மா வம்பு? நாளைக்கு மாடு கட்ட எடம் குடுக்க மாட்டாரு." பிள்ளைகள் முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தன. அன்று சாயங்காலம் நீ என்னிடம் வந்தாய். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

"டேய், மாட்டுக்கு விலை பேசறப்ப துண்டுக்குள்ள என்னாடா பண்றீங்க?"

"அது பரம ரகசியம். சொன்னா நாக்கு அழுகிடும்."

"உன் நாக்கு அழுகுனா ஊருக்கு நல்லது. சொல்லு."

சொன்னேன். வாங்குகிறவன் கையும் தரகன் கையும் ஒரே துண்டுக்குள் போகும். பேச்சு கிடையாது, விரல் பிடித்தால் விலை. பக்கத்தில் நிற்கிற மாட்டுக்குக்கூடத் தன் விலை தெரியாது. நீ சிரித்தாயே ஒரு சிரிப்பு! "அப்ப பயப்படறவனும் உள்ள கைய விட்டா உண்மைய சொல்லிடுவான், இல்ல?"

மறுநாள் உன் வகுப்புக்குத் துண்டோடு வந்தேன். தரணியெங்கும் புகழ்பெற்ற தரகு மாமா, அரசாங்கப் பள்ளியில் சிறப்புப் பேராசிரியர்! சங்கதி எளிது. கேள்வியைப் பிள்ளை கேட்கும். துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தால், கிணறு பிள்ளைகளுக்கு, மாட்டுக்குத் தனித்தொட்டி. முழுக் கையையும் பிடித்தால், இருப்பது இருக்கட்டும். பிள்ளைகள் அன்றைக்கு முழுக்க ஒன்றோடொன்று கொய்யாக்காயும் பலப்பமும் துண்டுக்குள் பேரம் பேசித் தீர்த்தன. என் துண்டு மிட்டாய்ப் பிசுக்கில் எறும்பு மொய்த்துத் தானாக நடக்கவே தொடங்கியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. ஜோடி ஜோடியாகச் சந்தைக்குள் போனார்கள். ஒருத்தி துண்டை விரிப்பாள், ஒருத்தன் கேட்பான். ஒரு தெலுங்குக் கிழவர் மீசையைத் தடவிக்கொண்டு, "ஏமிரா பாபு, எந்த மாட்டுக்குப் பேரம்?" என்று கேட்டார். "மாடு இல்ல தாத்தா, தண்ணி" என்றான் பையன். கிழவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குத்தகைக்காரர் சுங்கம் வாங்குகிற இடத்தைப் பார்த்தார். பிறகு கையைத் துண்டுக்குள் விட்டார்.

பதிலை வாங்கிய பிள்ளை ஓடி வந்து புளியங்கொட்டை போடும். உன் மேஜையில் இரண்டு பானை, ஒரு விரலுக்கு ஒன்று, முழுக் கைக்கு ஒன்று. சாயங்காலம் பார்த்தால் ஒரு விரல் பானை வாய் வரைக்கும் நிறைந்து சிந்திக்கிடந்தது. மற்றதில் அடி மறையவில்லை. உலகத்தில் எந்த ராஜாவும் அப்படி ஒரு தீர்ப்பை வாங்கியதில்லை, அக்கா. வாயைத் திறக்கப் பயந்த ஒரு சந்தையே பத்து வயசுப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்றது.

பிள்ளைகளே இரண்டு பானையையும் தூக்கிக்கொண்டு குத்தகைக்காரரிடம் போனார்கள். நீ வாசலில் நின்றாய். என்னையும் நிற்கச் சொன்னாய். "இது அவங்க கேள்வி. நீ வாயத் தொறந்த, கொன்னுடுவேன்." கெம்பம்மாதான் பேசினாள்.

குத்தகைக்காரர் முதலில் சிரித்தார். பானையைக் கவிழ்த்துக் கொட்டையைக் கையில் அள்ளினார். "யார் யார் போட்ட கொட்ட இது?"

"தெரியாதுங்க. துண்டுக்குள்ள பேசுனது."

அப்போதுதான் அவர் சிரிப்பு நின்றது. எதிரி யாரென்று தெரிந்தால் அவருக்குப் பழக்கமான வேலை. மாட்டை அவிழ்த்துவிடுவார், முடிந்தது. இங்கே சந்தை முழுக்கக் கும்பிடு போடுகிறது, பானை முழுக்க எதிர்ப்பு கிடக்கிறது. யாரை அடிப்பார்? வாசலில் நின்ற உன்னைப் பார்த்தார்.

"எங்க கிணத்துல தண்ணி எறச்சவன் மக, கிணத்தப் பத்திப் பாடம் எடுக்கறாளா?"

நான் பாய்ந்தேன். நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய். அதில் அவிழ்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்ததால் ஒரு கொலை தப்பியது.

யூனியன் ஆபீசில் அவருக்கு ஆள் இருந்தது. பள்ளி நேரத்தில் பிள்ளைகளுக்குத் தரகு கற்றுக்கொடுக்கிறாள், அரசியல் பேச வைக்கிறாள் என்று புகார் போயிற்று. ஜீப்பில் கல்வி இலாகா டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்டவனாக இருந்தால் சபித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சந்தை நாளில் புளிய மரத்தடியில் ஊரையும் சந்தைக்காரர்களையும் கூட்டி உட்காரவைத்தார். குத்தகைக்காரர் பக்கத்து நாற்காலியில். நீ நின்றாய்.

"டீச்சர் செஞ்சது சரி, கிணறு விஷயம் நெஜம்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க. அத எழுதிக்கிட்டுப் போறேன், பிரச்சன முடிஞ்சிடும்."

நீ கூட்டத்தைப் பார்த்தாய். உன் முகத்தில் சந்தேகமே இல்லை. ஏனென்றால் நீ என்னிடம் சந்தை வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவள். துண்டுக்குள் விரல் பிடித்தவன் பேச்சு மாற மாட்டான். பத்திரத்தைக் கிழித்தாலும் கிழிப்பான், பிடித்த விலையை மாற்றியவன் பிறகு எந்தச் சந்தையிலும் கால் வைக்க முடியாது. நீ அதை நம்பினாய். நானும்தான் நம்பினேன்.

ஒரு கைகூட எழவில்லை.

வெற்றிலை மென்றார்கள். மாட்டு ஈயை ஓட்டினார்கள். அந்தத் தெலுங்குக் கிழவர் தன் மீசைக்குள் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி தேடிக்கொண்டிருந்தார். கைகள் எழுந்தது பள்ளிக்கூட ஜன்னலில் மட்டும்தான். கம்பிக்கு வெளியே நாற்பது குச்சிக் கைகளும் நீண்டுகொண்டு நின்றன. அதில் குத்தகைக்காரர் மகன் கையும் இருந்தது, அக்கா. நான் பார்த்தேன். அவன் அப்பா திரும்பியதும் அது ஓணான் மாதிரி உள்ளே போனதையும் பார்த்தேன்.

"சின்னப் பசங்க கை சேராது" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் எழுந்து கையைத் தூக்கினேன். இரண்டு கையும். முடிந்திருந்தால் காலையும் தூக்கியிருப்பேன்.

"அவன் டீச்சருக்குத் தம்பிங்க" என்றார் குத்தகைக்காரர்.

"சொந்தக்காரங்க கை கணக்குல வராதுப்பா. உக்காரு."

அப்போது நீ உன் கையைத் தூக்கினாய். "என்னுதுங்க?"

"நீங்க விசாரணையில இருக்கறவங்கம்மா." அவர் உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் நான் அந்தக் கிழவரின் மேல்துண்டைப் பிடித்து நிறுத்தினேன். "வெரல் புடிச்சியா இல்லியாய்யா?" அவர் கோபப்படவில்லை. எனக்குப் புத்தி சொன்னார்! "தரகா, நீ சொல்லலாமா இத? துண்டுக்குள்ள பேசுனத வெளிய எடுத்து வெக்கறது சந்தை தருமமா? பேச்சு மாறல நான். வெளிய சொல்லல, அவ்ளோதான்."

உண்மை. அது எங்கள் வழக்கம்தான். உள்ளே பிடித்த விலையை வெளியே சொல்பவன் தரகனே அல்ல. பயந்தவனுக்கு வாய் கொடுத்த அதே துண்டு, அவன் ஒளிந்துகொள்ளவும் இடம் கொடுத்தது. கோழைத்தனத்தைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத் தருமம் என்று கூட்டிவந்து நிறுத்தினான்கள். ஊரில் ஒருவருக்கும் அன்றிரவு தூக்கம் கெட்டிருக்காது. தருமவான்கள் அல்லவா!

உனக்கு மாற்றல் வந்தது. தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்தும் காட்டுக்குள் நடக்க வேண்டிய ஒரு கிராமம். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைவிட யானைகள் ஒழுங்காக வந்தன. ராகி விளைகிற நேரத்தில் வருகைப் பதிவில் அவற்றின் பெயரைத்தான் எழுதவேண்டும். உன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸுக்கு வந்தேன். வழியெல்லாம் கத்தினேன். சந்தையைக் கொளுத்துகிறேன் என்றேன். ஆயிரம் காளைகளை அவிழ்த்து அவர் வீட்டுக்குள் ஓட்டுகிறேன் என்றேன். நீ ஏன் அவன்களை மூஞ்சியில் கேட்கவில்லை என்றேன். ஒரு வார்த்தை, அக்கா! "நீங்கள் எல்லாரும் என் பிள்ளைகள் கையைப் பிடித்தவர்கள்தானே" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன?

"கேட்டிருப்பேன். ஆனா யார் எந்த வெரல புடிச்சாங்கன்னு வெளிய வராதுன்னு பசங்க வாக்கு குடுத்திருக்காங்கடா. அத நானே ஒடச்சா, அப்புறம் என்னாத்த சொல்லிக்குடுக்கறது?"

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக இன்னொன்று சொன்னாய். "கோவம் இருக்கட்டும். வேணாம்னு சொல்லல. அதத் தூக்கிட்டு எங்க போறேன்னு மட்டும் பாத்துக்க."

அந்தக் கோடைக்குள் தொட்டி கட்டப்பட்டது. பஞ்சாயத்துத் தேர்தல் வரும் என்று பேச்சிருந்தது. அந்தப் பானை குத்தகைக்காரரின் கனவில் வந்து உருண்டிருக்கவேண்டும். சந்தையின் மறுகோடியில், நீ வகுப்பில் காட்டிய அதே இடத்தில், சிமெண்டுத் தொட்டி. நெற்றியில் அவர் பெயர், என் கை அளவு எழுத்தில். கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, நேராகப் பள்ளிக் கிணற்றில் ஒரு வாளி சேந்திக் குடித்தாய். "நல்லா இருக்குடா" என்றாய். பெயரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதற்காக உன் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது குத்தகைக்காரர் மேல் வந்ததைவிடப் பெரிது. தண்ணீர் வந்தால் போதும், யார் பெயர் இருந்தால் என்ன என்று நீ இருந்துவிட்டாய். பெயர் இருந்ததால் என்ன ஆயிற்று பார்! இன்று ஒரு பள்ளிக்கூடமே, யாரும் கேட்காமல் பெரிய மனிதர்கள் தாமாகக் கொடுப்பார்கள் என்று படித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. நீ சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிர்ப் பாடம். அதற்குக் கை தட்டல் வேறு.

இன்று விழா முடிந்ததும் அதே இடத்தில் கிராம சபை. வருஷத்தில் சில நாள் ஊரைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்பது இப்போது சட்டம். நீ இருந்திருந்தால் முன்வரிசையில் இருந்திருப்பாய். கம்பெனிகளுக்கு லோடு ஏற்றும் லாரிகள் பள்ளிக்கூட வாசலில் தலைதெறிக்க ஓடுகின்றன. போன வாரம் ஒரு பிள்ளையின் புத்தகப் பை சக்கரத்தில் சிக்கியது, பிள்ளை மயிரிழையில் தப்பியது. வேகத்தடை போடவேண்டும் என்று பிள்ளைகளின் அம்மா ஒருத்தி எழுந்து சொன்னாள். தலைவர் இருமினார். லாரிகளில் பாதி அவர் மச்சானுடையவை. "வேணும்ங்கறவங்க கை தூக்குங்க, பாப்போம்."

நான் சுற்றிப் பார்த்தேன். ஒரு காலத்தில் ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்ட கைகள் பலவும் அங்கே உட்கார்ந்திருந்தன. நரைத்துப்போய், அக்குளுக்குள் ஒளிந்துகொண்டு. அந்த ஒரு நொடியில் எனக்கு இருந்த கோபத்துக்குத் தென்பெண்ணை ஆறே கொதித்திருக்கும். கையைத் தூக்கினேன்.

எழுதிக்கொண்டிருந்த செயலர் பையன் சிரித்தான். "தாத்தா, ஒவ்வொரு கூட்டத்துலயும் எல்லாத்துக்கும் கை தூக்கறீங்க. ஓசூர்ல பையன் வீட்டுக்கு ஓட்டை மாத்திக்கிட்டீங்க இல்ல? உங்க கை இந்த ஊர்க் கணக்குல வராது."

சிரித்தார்கள். நான் கையை இறக்கவில்லை. தோள் மூட்டில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய் தம்பி, என்னுத எழுதிக்க."

கெம்பம்மா. பேரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையை நேராகத் தூக்கிக்கொண்டு நின்றாள். தலைவரைப் பார்த்தாள், செயலரைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு சின்னப் பசங்கன்னு சேத்துக்கல. உன் கையும் ஜன்னல்ல என் கைக்கு பக்கத்துலதாண்டா இருந்துச்சி. இப்ப எனக்கு ஓட்டு இந்த ஊர்லதான். என்னா சொல்லி தள்ளுவ?"

செயலர் பையன் எழுதினான். பிறகு வேகத்தடை கேட்ட அந்த அம்மாள் கை எழுந்தது. பிறகு ஒன்று, தயங்கித் தயங்கி இன்னொன்று. வேகத்தடைக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது. தீர்மானமாகி, யூனியனுக்குப் போய், அங்கே எவன் மேஜையில் தூங்கப்போகிறதோ. நாளையிலிருந்து நான் போய் அந்த மேஜைக்கு முன்னால் நிற்கப்போகிறேன். நீ கேட்டாயே, கோபத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறேன் என்று. அங்கேதான்.

என் கை மட்டும் இன்றைக்கும் கணக்கில் சேரவில்லை, அக்கா. கூட்டம் கலைந்து, பாயைச் சுருட்டி, மைக்செட்காரன் ஒயரைப் பிடுங்கும் வரைக்கும் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன்.